அழகருக்கு ஒப்பரேசன், பெரியாயிக்கு வாய்வு

வெள்ளப்பாறைத் தோட்டத்தில் அழகரின் நெஞ்சைப் பார்க்காத ஆள் ஒருவர்கூட இல்லை. சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, கழுத்தடியில் தொடங்கி மேல்வயிறு வரை ஓடும் தையல் தழும்பை அவர் காட்டிய காட்டு கொஞ்சநஞ்சமா? தெமோதரை ஸ்டேஷன் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் காட்டினார். கோயில் திருவிழாவில் காட்டினார். கலியாண வீட்டுப் பந்தியில், பக்கத்தில் சோறு தின்றுகொண்டிருந்தவன் முகத்துக்கு நேரே காட்டினார். ஒரு இழவு வீட்டில் பிணத்தைப் பார்க்க வந்தவர்கள் அதை விட்டுவிட்டு இவரைச் சுற்றி நின்ற கூத்தும் நடந்தது. "அரை நாளு என் நெஞ்சைத் தொறந்து வச்சிருந்தாங்க, தெரியுமா? காலுல இருந்து நரம்ப எடுத்து இங்க வச்சுத் தச்சிருக்காங்க" என்று அவர் சொல்லும்போது, தானே ஊசி நூல் பிடித்துத் தைத்த மாதிரி ஒரு பெருமை முகத்தில் வழியும்.

அதே தழும்பு, அதே நீளத்தில், அவர் பெண்சாதி பெரியாயிக்கும் இருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அழகர்தான் பதில் சொல்லியிருப்பார்.

அழகருக்கு ஒப்பரேசன் நடந்தது தொண்ணூற்றொன்பதில். கொழும்பிலிருந்து அவரை வேனில் கொண்டுவந்து இறக்கிய அன்று தொழிலாளர் குடியிருக்கும் லயமே திரண்டுவிட்டது. பெரியாயி வாசலில் தண்ணீர் தெளித்து, கற்பூரம் சுற்றி, கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனாள். அன்றிலிருந்து ஆறு மாதம் அந்த மனுசன் ஒரு செம்புத் தண்ணீரைத் தூக்கியிருந்தால் கேளுங்கள். பெரியாயி விடியுமுன் எழுந்து பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து, சுடுதண்ணீர் வைத்து, அவருக்கு உப்பில்லாமல் ஒரு சட்டி, மற்றவர்களுக்கு ஒரு சட்டி என்று இரண்டாகச் சமைத்து, அவரைக் குளிப்பாட்டித் துவட்டி உட்காரவைத்துவிட்டுத்தான் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்துக்கு ஓடுவாள். அங்கே பிந்தி வந்ததற்குக் கணபதி கங்காணியிடம் ஏச்சு வாங்குவாள். அந்தக் கணபதியே சாயங்காலம் நெஸ்டமோல்ட் மாவுப் பெட்டியோடு அழகரைப் பார்க்க வந்து, "அண்ணே, ஒடம்ப அலட்டிக்காதீங்க" என்று உருகுவார். அடுப்படியிலிருந்து பெரியாயி அவருக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள்.

நடக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அழகர் நடந்தார். மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கையை வீசி, ஸ்டேஷன் கடை வரை போய், இரண்டு தேத்தண்ணியும் நாலு ஊர்க்கதையும் குடித்துவிட்டு வந்தார். வரும்போது மூச்சு வாங்கினால் பெரியாயி கால் பிடித்துவிட வேண்டும். பிறகு கங்காணி பேசிக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் காவல் வேலை வாங்கிக் கொடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற போகிற பெண்களிடம் "கூடையைப் பாத்து எறக்குங்கம்மா" என்று சொல்கிற வேலை. அதற்கும் ஒரு சம்பளம்.

இதெல்லாம் பெரியாயிக்குக் குறையாகப் படவில்லை, அதையும் சொல்ல வேண்டும். புருஷன் பிழைத்து வந்தானே என்று மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்தவள்தான் அவள். ஆக்கிப்போட்டதற்கும் கால் பிடித்ததற்கும் அவள் ஒருநாளும் கணக்குச் சொன்னதில்லை. அவளுக்குப் புத்தி வந்தது பின்னாடி, தன் நெஞ்சு பிளந்த பிறகு.

இரண்டாயிரத்து நாலில் அவளுக்கு வந்தது. மேட்டு மலையில் கொழுந்தெடுக்கும்போது முதுகில் ஒரு வலி, தாடையில் ஒரு இழுப்பு, கண் இருட்டல். சொன்னதற்கு அழகர் சிரித்தார். "நெஞ்சு வலின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? எனக்கு யானை ஏறி உக்காந்த மாதிரி இருந்துச்சு. ஒனக்கு முதுகுலதானே? அது வாய்வு." ஊரிலேயே நெஞ்சு வலிக்கு அத்தாரிட்டி அவர்தானே! இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடி என்றார். அந்த இஞ்சியையும் அவளேதான் தட்டிக்கொண்டாள். மாதக்கணக்கில் இஞ்சித் தண்ணீர் குடித்துக் குடித்து, ஒருநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில், கூடையோடு, அழகர் காவல் காத்த பெஞ்சுக்கு முன்னாலேயே விழுந்தாள். அவர் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "கொழுந்து கொட்டுது, கொழுந்து கொட்டுது!"

பதுளைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பி, நெஞ்சைத் திறந்து, காலிலிருந்து நரம்பு எடுத்துத் தைத்தார்கள். அழகருக்குச் செய்தது எதுவோ அதேதான். வீட்டுக்கு அனுப்பும்போது அங்கே தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் இருவரையும் உட்காரவைத்துப் படித்துப் படித்துச் சொன்னாள்: மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது, அறுத்த நெஞ்செலும்பு பொருந்த வேண்டும், தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும். அழகர் காதில் விழுந்தது அந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான்.

அவளை அழைத்துவந்த அன்றும் ஆட்கள் வந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. பிஸ்கட்டும் நெஸ்டமோல்ட்டும் கொண்டுவந்து வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தார்கள். அழகர் பெரிய மனுசன் தோரணையில், "ஏ பெரியாயி, ஆளுக வந்திருக்காங்க, தேத்தண்ணி ஊத்து" என்றார். பெரியாயி எழுந்தாள். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மிலாறுச் சுள்ளி ஒடித்து அடுப்பில் வைத்து ஊதினாள். ஊதும்போது தையல் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக வலி தெறித்தது. நோயாளியைப் பார்க்க வந்த ஜனம், நோயாளி கையால் சாயத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, "பரவாயில்ல, நல்லா தேறிட்டாளே" என்று சொல்லிவிட்டுப் போனது. ஒரு ஆளுக்காவது நாக்குக் கூசியதா? த்தூ! வந்த நெஸ்டமோல்ட்டையும் அழகரே எடுத்து வைத்துக்கொண்டார். அவரும் நெஞ்சு நோயாளிதானாம்.

மகள் நிரஞ்சலா அப்புத்தளையில் கட்டிக்கொடுத்திருந்தவள், அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். வந்தவள் பிரயாணக் களைப்பு என்று முதல் நாள் படுத்தாள். மறுநாள் பிள்ளைகளுக்குச் சளி என்று படுத்தாள். அம்மா கையால் ரொட்டி சாப்பிட்டு எத்தனை நாளாச்சு என்றாள். பெரியாயி மாவு பிசைந்தாள். பிசைய அழுத்தியபோது நெஞ்சுக்குள் ஏதோ நகர்ந்த மாதிரி இருந்தது. ஒரு வாரம் கழித்து நிரஞ்சலா கிளம்பும்போது, "அம்மா ஒடம்பப் பாத்துக்க" என்று கண்ணைக் கசக்கினாள். அப்பாவுக்கு ஒப்பரேசன் என்றபோது இதே மகள் மாதக்கணக்கில் தங்கி அவர் வேட்டியைத் துவைத்துப் போட்டவள். பெரியாயி அதை நினைத்துப் பார்த்தாள், பிறகு நினைக்காமல் விட்டாள்.

அடுத்தது அழகர் கண்டுபிடித்த வைத்தியம். "டாக்டருமாரு நடக்கணும்னு சொன்னாங்கள்ல? வீட்டுக்குள்ள முடங்கிக் கெடந்தா ரத்தம் ஓடாது. மலைக்குப் போ. கொழுந்தெடுத்தா நடந்த மாதிரியும் ஆச்சு" என்றார். தான் நடந்தது தேத்தண்ணிக் கடைக்கு, அவள் நடக்க வேண்டியது மலைக்கு. எவ்வளவு நியாயமான ஆள்! கணபதி கங்காணியிடமும் அவரே போய்ப் பேசினார். கங்காணி தாராள மனசோடு, "சரி, அவங்களுக்கு லேசு வேலை குடுப்போம்" என்றார். லேசு வேலை என்றால் காவல் பெஞ்சோ, புள்ளைக்காம்பராவில் குழந்தை பார்க்கிறதோ என்று நினைத்துவிடாதீர்கள். மேட்டு மலைக்குப் பதிலாக ரோட்டோரத்து மலை. அதே கூடை, அதே தலைக்கயிறு.

கூடை பாதி நிறைந்ததும் தலைக்கயிறு கழுத்தை இழுக்கும், கழுத்து நெஞ்சை இழுக்கும். திரும்பிக் கூடையை இறக்கும்போதெல்லாம் நெஞ்சுக்கு நடுவே 'களுக்' என்று ஒன்று கேட்கத் தொடங்கியது. இருமினாலும் களுக். பீலியில் குடத்தைத் தூக்கினாலும் களுக். பெரியாயி பயந்துபோனாள். இரண்டு துண்டான எலும்பு உள்ளே ஒட்டாமல் ஆடுகிறது என்று அவளுக்கே தெரிந்தது.

"இங்கேருங்க, நெஞ்சுக்குள்ள என்னமோ ஆடுதுங்க. சத்தம் கேக்குது" என்றாள்.

அழகர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எனக்கு ஒப்பரேசன் பண்ணப்ப எந்தச் சத்தமும் கேக்கலையே."

"ஒங்களுக்கு எப்படிங்க கேக்கும்? நீங்க எதையும் தூக்கலையே."

"இந்தா, ஆரம்பிச்சுட்டா. வாய்வு புடிச்சா வாயும் சேந்து நீளுது. போ, இஞ்சித் தண்ணி குடி."

பெரியாயிக்கு வாய் இல்லாமல் இல்லை. கொழுந்து மலையில் அவள் வாயைத் திறந்தால் கங்காணியே இரண்டு வரிசை தள்ளி நிற்பார். ஆனால் ஆஸ்பத்திரி என்றால் மட்டும் அது பூட்டிக்கொள்ளும். அங்கே ஆம்பிளைதான் பேச வேண்டும். தோட்டத்தில் அப்படித்தான் வழக்கம். பெண்சாதிக்குக் காய்ச்சலா, வயிற்றுப்போக்கா, பிள்ளைப்பேறா, எதுவானாலும் டாக்டர் முன்னால் நின்று பதில் சொல்கிறவன் புருஷன். பொம்பளை பேசினால் "தோட்டத்து ஆளுங்க மரியாதை தெரியாதவங்க" என்று நினைப்பார்களாம். முதல் கிளினிக்கில் அப்படித்தான் நடந்தது. கூட்டம் நெரிந்தது, டாக்டர் எப்படி இருக்கிறது என்றார், அழகர் "நல்லாருக்காங்க" என்றார், முடிந்தது.

இரண்டாவது கிளினிக்குக்குப் பதுளைக்குப் பஸ்ஸில் போகும்போது பெரியாயி நெஞ்சின் மேல் ஒரு மடித்த துணியை வைத்து அழுத்திக்கொண்டே போனாள். வளைவுக்கு வளைவு களுக், களுக். பக்கத்தில் அழகர் முன் சீட்டுக்காரரிடம் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அன்று இருந்தது ஜெயமலர் டாக்டர். யாழ்ப்பாணத்து அம்மா. மெலிந்த உடம்பு, மூக்குக்கண்ணாடி, அவசரமில்லாத குரல்.

"எப்பிடி அம்மா இருக்கிறியள்?" என்று பெரியாயியைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ரொம்ப நல்லாருக்காங்க டாக்டரம்மா" என்றார் அழகர்.

"வேலைவெட்டி ஏதும் செய்யிறவவோ?"

இதுதான் தன் சாமர்த்தியத்தைக் காட்டும் இடம் என்று அழகர் நினைத்துவிட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுக்கினார்: "எல்லாம் செய்யிறாங்க டாக்டரம்மா. காலையில பீலியில தண்ணி எடுக்குறாங்க, வெறகு தூக்குறாங்க, சமைக்கிறாங்க, துணி தொவைக்கிறாங்க. மலைக்கும் போறாங்க. நான் சும்மா இருக்க விடுறதில்லீங்க. ஒப்பரேசன் பண்ண மாதிரியே தெரியாது, பாத்துக்கங்க!"

டாக்டரின் பேனா நின்றது. "நோவு இருக்கோ?"

"அதெல்லாம் இல்லீங்க. கொஞ்சம் வாய்வு. அது எனக்குத் தெரியும், நானும் இதே ஒப்பரேசன் பண்ணினவன்தான்" என்று சொல்லி, அழகரின் கை தன் சட்டைப் பொத்தானுக்குப் போயிற்று.

அந்தக் கையைப் பார்த்ததும் பெரியாயிக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. பூட்டு கழன்றது.

"ஏங்க! நெஞ்சு உங்களுதா, என்னுதா?"

அறையே திரும்பிப் பார்த்தது. வரிசையில் நின்றவர்கள், நர்ஸ், கதவோரத்தில் இருந்தவர்கள் எல்லாரும். அழகர், "ஏய், டாக்டரம்மா முன்னால..." என்று பல்லைக் கடித்தார்.

"டாக்டரம்மா முன்னாலதான் சொல்லணும். ஒங்க முன்னால சொல்லித்தான் செவத்துக்கிட்ட சொன்ன மாதிரி ஆச்சே! டாக்டரம்மா, எலும்பு ஆடுதுங்க. குடத்தத் தூக்கினா ஆடுது, கூடைய எறக்கினா ஆடுது, இருமினா ஆடுது. ராத்திரி திரும்பிப் படுக்க முடியல. செத்துப்போயிருவேனோன்னு பயமா இருக்குங்க. இவருகிட்ட சொன்னா இஞ்சி குடிங்கிறாரு."

ஜெயமலர் டாக்டர் அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போய், தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்து இருமச் சொன்னார். ஒரு தடவை இருமியதும் கையை எடுத்துவிட்டார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் இருந்த கோபத்தைப் பார்த்து அழகரின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயா, உங்களுக்கு ஒப்பரேசன் செய்த நேரம் தண்ணி அள்ளினது ஆர்?"

"இவ... இவங்கதான்."

"சமைச்சது?"

"இவங்கதான்."

"விறகு?"

அழகரின் கை சட்டைப் பொத்தானிலிருந்து இறங்கியது.

"இவவின்ர நெஞ்செலும்பு இன்னும் பொருந்தேல்ல. நீங்கள் பொருந்த விடேல்ல. இன்னும் மூண்டு மாதத்துக்கு ஒரு தண்ணிக் கேத்திலைக்கூட இவ தூக்கக்கூடாது. மலைக்குப் போகவே கூடாது. எலும்பு பொருந்தாட்டில் திரும்பக் கொழும்புக்கு அனுப்பித் திறக்கவேணும். ரெண்டாந்தரம் திறந்தால் இவ தப்புவா எண்டு நான் சொல்லமாட்டன். எல்லா வேலையையும் இனி நீங்கள்தான் செய்யவேணும். விளங்கினதோ?"

விளங்கியது. அத்தனை பேர் முன்னால் கேட்டபிறகு விளங்காமல் என்ன செய்யும்?

இனிமேல் நடந்ததுதான் வேடிக்கை. மறுநாள் காலை அழகர் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனார். ஆளில்லாத நேரமாகப் பார்த்தா? சேச்சே! லயத்துப் பெண்கள் முழுக்க வரிசையில் நிற்கிற நேரமாகப் பார்த்து. பெண்கள் வாயில் கையை வைத்தார்கள். "என்னண்ணே நீங்க போயி..." என்று பதறினார்கள். ஒருத்தி குடத்தைப் பிடுங்கி நிரப்பிக் கொடுத்தாள், இன்னொருத்தி வீட்டு வாசல் வரை தூக்கி வந்தாள். அழகர் கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்து வந்தார். பெரியாயி அதே பீலியில் தையலோடு நின்றபோது இவளுகளுக்குக் கை எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

அவர் வடித்த சோறு அடியில் கருகி மேலே அரிசியாக இருந்தது. அதைப் பார்க்க ஆள் வந்தது. உண்மையாகச் சொல்கிறேன், அழகர் அடுப்பு ஊதுவதைப் பார்க்க ஆள் வந்தது! வந்தவர்கள் கண் கலங்கினார்கள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசனா!" "தங்கமான ஆளு." "பெரியாயி, நீ குடுத்து வச்சவடி." கணபதி கங்காணி பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் எடுத்துச் சொன்னார்: பெண்சாதியைக் காப்பாற்றுவது எப்படி என்று அழகரண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். நிரஞ்சலா ஓடிவந்து, "அப்பா எப்படி மெலிஞ்சு போயிட்டாரு" என்று அழுதாள். அழகர் இப்போது தழும்பைக் காட்டுவதை விட்டுவிட்டார். அடுப்பில் சுட்டுக்கொண்ட விரலைக் காட்டினார்.

பெரியாயி கட்டிலில் படுத்து எல்லாவற்றையும் கேட்டாள். ஆத்திரம் பொங்கியது. வருஷக்கணக்கில் தான் வைத்த சோற்றை ஒரு நாய் திரும்பிப் பார்த்ததா? இந்த மனுசன் ஒரு சட்டியைத் தீய்த்ததற்குத் தேர் இழுக்கிறார்களே! எழுந்து நாலு கேள்வி கேட்கலாம் போலிருந்தது. ஆனால் எழுந்தால் நெஞ்சு ஆடும். சாகக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள், கருகிய சோற்றைத் தின்றாள். களுக் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, ஒருநாள் இருமியபோது கேட்கவேயில்லை.

மூன்றாவது கிளினிக்கில் ஜெயமலர் டாக்டர் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வடிவாய்ப் பொருந்தியிட்டுது அம்மா. இனி வீட்டில சின்னச் சின்ன வேலையள் செய்யலாம். பாரமான கூடை மட்டும் வேண்டாம்." பக்கத்தில் நின்ற நர்ஸ் அழகரைப் பார்த்து, "ஐயாவைத்தான் பாராட்டவேணும்" என்றாள். அழகர் தலையைத் தாழ்த்தி, "என் கடமைங்க" என்றார். கூடை வேண்டாம் என்றது பெரியாயி காதில் விழுந்திருந்தது, அது போதும்.

வீட்டுக்கு வந்ததும் அழகர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தார். மூன்று மாதத்துப் பாரம் இறங்கிய மூச்சு ஒன்று வந்தது.

"டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. இனி நீ பாத்துக்க. சுறுக்கா சோத்த வை, பசிக்குது."

"வைக்கிறேங்க" என்றாள் பெரியாயி.

சின்னச் சட்டியில் ஒரு கை அரிசி போட்டாள். ஒரு மிளகாய் கிள்ளிப் போட்டு, தேங்காய் துருவி ஒரு சம்பல். சோறு பூப்போல வெந்தது, வாசனை காம்பரா முழுக்க நிறைந்தது. ஒரு தட்டை எடுத்துச் சட்டியை அப்படியே கவிழ்த்து, அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிசைந்து வாயில் வைத்தாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் புருஷனுக்கு முந்திச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அழகர் சட்டியை எட்டிப் பார்த்தார். வெறும் சட்டி. "எனக்கு?"

"சின்ன வேலை மட்டும் செய்யச் சொன்னாங்க. ஒரு ஆளு சோறு சின்ன வேலைங்க. ரெண்டு ஆளு சோறு என் நெஞ்சுக்கு ஆகாது."

"என்னடி வெளையாடுறியா? ஆம்பிளைய பட்டினி போடுவியா?"

"நீங்க எதுக்குப் பட்டினி கெடக்கணும்? மூணு மாசமா நீங்கதானே ஆக்கினீங்க? லயமே கையெடுத்துக் கும்பிட்டுச்சே! போயிச் சொல்லுங்களேன், பெரியாயி ஆக்கித் தரமாட்டேங்கிறான்னு. கங்காணிகிட்ட சொல்லுங்க."

அழகர் விருட்டென்று எழுந்து வெளியே போனார். சொல்லித்தான் விடுவது என்று போனார். இஸ்தோப்பில் கணபதி கங்காணியும் பக்கத்துக் காம்பரா ஆட்களும் நின்றிருந்தார்கள். கிளினிக் செய்தி அதற்குள் வந்துவிட்டது.

"வாங்கண்ணே! எலும்பு சேந்துருச்சாமே! பொஞ்சாதி உசுரக் காப்பாத்தின கை இந்தக் கை" என்று கங்காணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு என்னண்ணே சமையல்?"

அழகர் எல்லாருடைய முகத்தையும் பார்த்தார்.

"இன்னும்... இனிமேத்தான் வைக்கணும்" என்றார்.

"பாருங்கப்பா, இன்னமும் அவருதான் ஆக்குறாரு!" என்று கங்காணி மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். உள்ளே அது தெளிவாகக் கேட்டது. பெரியாயி தட்டை வழித்துக் கடைசிக் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு, அடுப்பில் அணைந்துகொண்டிருந்த மிலாறை அவர் ஊதுவதற்கு வசதியாகக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தாள்.